டிஸ்க் நிரம்பிப்போன லினக்ஸ்: நீங்கள் எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?

அச்சகத்தான்:

வணக்கம். கும்பகோணத்தில் சின்ன டிடிபி கடை நடத்துகிறேன். ஐந்து வருடமாகக் கடையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்தான் ஓடுகிறது. 120 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், பிரிக்காமல் ஒரே பார்ட்டிஷன்.

போன ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம் இருந்த வாரம். காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பாஸ்வேர்ட் அடித்ததும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. நாலு தடவை அடித்தும் அதேதான். தப்பாக அடித்திருந்தால் தப்பு என்று சொல்லும். அப்படியும் சொல்லவில்லை. பதினொரு மணிக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் ப்ரூஃப் கொடுக்க வேண்டும். பெண்ணின் அப்பா பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அதில் உள்ளே போக முடிந்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் 'டிஎஃப் -எச்' அடித்தேன். ஜிபி கணக்கில் மொத்தம் 109, பயன்பாடு 104, மிச்சம் 0, 100 சதவீதம்.

109-ல் 104 போனால் 5 இருக்க வேண்டுமே என்று அன்று நானும் குழம்பினேன். டிஸ்க்கை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்யும்போதே 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று, அதாவது சிஸ்டத்தின் நிர்வாகக் கணக்குக்கென்று, ஒதுக்கப்பட்டுவிடுகிறது. நம் பெயரில் ஓடும் புரோகிராம்கள் அதைத் தொட முடியாது. டெஸ்க்டாப் திறக்க வேண்டுமென்றால் நம் ஹோம் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஸ்கேன் செய்த படங்கள் கடைசி இடத்தையும் அடைத்துவிட்டதால் அது முடியவில்லை. சூடோ போட்டு, அதாவது ரூட்டின் அதிகாரத்தோடு, செய்கிற வேலை மட்டும் அந்த ஒதுக்கீட்டில் நடந்தது. அது இல்லையென்றால் அன்று வழியே இல்லை.

சாஃப்ட்வேரை நிறுவவும் நீக்கவும் உள்ள கட்டளைதான் ஆப்ட். 'சூடோ ஆப்ட் க்ளீன்' கொடுத்தேன். அப்டேட் மேனேஜர் இறக்கி நிறுவிய டெப் என்ற நிறுவல் கோப்புகள் நிறுவின பிறகும் கேஷில் தங்கியிருந்தன. அவை போனதில் 1.8 ஜிபி வந்தது. மறுபடி பாஸ்வேர்ட் அடித்தேன், டெஸ்க்டாப் திறந்தது. பத்திரிகை பத்தே முக்காலுக்குக் கைக்குப் போய்விட்டது.

மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு, இடத்தைத் தின்றது எது என்று டியூ கட்டளையால் மேலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்தேன். ஹோம் 28 ஜிபி. சிஸ்டத்தின் அந்தந்த நாள் நிலையை ஸ்னாப்ஷாட்டாகப் பிரதியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் 46 ஜிபி. ரூட்டின் சொந்த ஃபோல்டரில் 9 ஜிபி. சிஸ்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் ஜர்னல் லாக் 3.9 ஜிபி. சிஸ்டமும் சாஃப்ட்வேரும் சேர்ந்தே 14-தான். அதுவரை நான் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? இடம் குறையும்போதெல்லாம் உபயோகிக்காத விளையாட்டு ஒன்று, பாட்டுப் பிளேயர் ஒன்று என்று சாஃப்ட்வேரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் 20 எம்பி, 30 எம்பி.

டைம்ஷிஃப்ட் வழக்கமாக ஹோமைச் சேர்க்காது. கடைக் கோப்புகளும் பத்திரமாக இருக்கட்டுமே என்று நான்தான் ஹோமையும் சேர்க்கும்படி அமைத்திருந்தேன். பெரிய பெரிய டிஃப் படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழிப்பேன். அழித்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குள் அவை அப்படியே உட்கார்ந்திருந்தன. மாதாந்திர ஸ்னாப்ஷாட் இரண்டு வைத்திருந்ததால் இரண்டு மாதப் படங்கள்.

எட்டு ஸ்னாப்ஷாட்டில் பழையவை ஐந்தை டைம்ஷிஃப்டிலேயே அழித்தேன். வந்தது 2 ஜிபி! ஏதோ கோளாறு என்று பதறிவிட்டேன். கோளாறு இல்லை. ஸ்னாப்ஷாட்டுகளுக்கெல்லாம் சேர்த்து, மாறாத கோப்பின் பிரதி ஒன்றுதான் இருக்கும். எட்டு ஸ்னாப்ஷாட்டிலும் அதற்கு எட்டுப் பெயர். ஒரே வீட்டுக்கு எட்டுக் கதவிலக்கம் எழுதி வைத்த மாதிரி. ஏழு பலகையைக் கழற்றினாலும் வீடு நின்றுகொண்டுதான் இருக்கும். மீதி மூன்றையும் அழித்து, ஹோமை விலக்கிப் புதிதாக ஒன்று எடுத்த பிறகு 46 ஜிபி 14 ஆனது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்னாப்ஷாட்டை ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை போட்டு அழிக்காதீர்கள். டைம்ஷிஃப்ட் ஓடும்போது ரன் ஃபோல்டருக்குள் அதன் பெயரில் ஒரு ஃபோல்டர் தெரியும். அது தனி இடமில்லை. நம் டிஸ்க்கே அங்கே இன்னொரு வாசலில் தெரிகிறது. குப்பை என்று நினைத்து அங்கே கை வைத்தால் மொத்தமும் போய்விடும். டைம்ஷிஃப்ட் வைத்ததை டைம்ஷிஃப்டே எடுக்கட்டும். ஆப்ட் வைத்ததை ஆப்ட் எடுக்கட்டும். நாம் வைத்ததை மட்டும் நாம் எடுப்போம்.

ரூட்டின் 9 ஜிபி என்னவென்று பார்த்தால், அவ்வப்போது ஃபைல் மேனேஜரை ரூட்டாகத் திறந்து அழித்தவை. அவை என் குப்பைத்தொட்டிக்கு வராமல் ரூட்டின் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. என் தொட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தேன், அது அங்கே நிரம்பிக்கொண்டே இருந்தது. ஜர்னலை 200 எம்பிக்குள் அடக்க 'ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ்=200எம்' போதும். எல்லாம் முடிந்து பார்த்தபோது 56 சதவீதம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். என்னைப் போலச் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம் உதவும்.

கோவை மாணவன்:

அண்ணா, எனக்கு நிரம்பினது, கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷன். உபுண்டு 20.04 லினக்ஸை என்கிரிப்ஷனோடு நிறுவினேன். அப்படி நிறுவினால் பூட் தனியாக, முக்கால் ஜிபிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொன்றுக்கும், தொடங்கும்போது தேவைப்படும் இனிட்ஆர்டி கோப்பு ஒன்று வந்து உட்காரும், ஒன்றே ஏறக்குறைய 100 எம்பி. 2022 பிப்ரவரியில் ஒருநாள் அப்டேட் பாதியில் நின்று, டிவைஸில் இடமில்லை என்றது.

பழைய கெர்னல்களைக் கையாலேயே அழித்தேன். பூட் ஃபோல்டரில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தால் வரிசையாக வருமில்லையா, கடைசியில் இருப்பது புதியது என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலில் கடைசியில் இருந்தது 5.4.0-99. அதற்கு மேலே இருந்த எல்லாவற்றையும் ஆர்எம் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால், கெர்னலை ஏற்றிவிடும் க்ரப் வந்து, கோப்பு காணவில்லை, முதலில் கெர்னலை ஏற்று என்று நின்றது.

என்ன நடந்ததென்றால், எல்எஸ் எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது. 100-ல் முதல் எழுத்து 1, 99-ல் முதல் எழுத்து 9. அதனால் 100 மேலே போய்விட்டது, 99 கீழே வந்துவிட்டது. நான் அழித்தது அப்போது ஓடிக்கொண்டிருந்த புதிய கெர்னலை! க்ரப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 99-ஐத் தேர்ந்தெடுத்ததும் நல்லவேளை பூட் ஆனது. ஆப்ட் மூலமாகப் பழைய கெர்னல் பேக்கேஜ்களை பர்ஜ் செய்து, அதாவது முழுதாக நீக்கி, இடம் எடுத்து, 100-ஐ ரீஇன்ஸ்டால் செய்தேன். மறுநாள் செமஸ்டர் பிராக்டிகல், இரவு இரண்டரை வரை தூங்கவில்லை.

இப்போது 'யூநேம் -ஆர்' கொடுத்து எந்தக் கெர்னலில் இருக்கிறேன் என்று பார்த்துவிட்டு, 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' மட்டும்தான். ஓடுகிற கெர்னலை அது விட்டுவைக்கும், தேவை வந்தால் திரும்பிப்போக முந்தைய ஒன்றையும் வைத்திருக்கும். நீங்கள் சொன்ன 'ஆப்ட் வைத்ததை ஆப்ட் எடுக்கட்டும்' எனக்கு அப்படியே பொருந்தும்.

ஸ்டுடியோ அண்ணாச்சி:

நம்மது கல்யாண ஸ்டுடியோ. 64 ஜிபி மெமரி கார்டில் போன விசேஷத்துப் படங்களை அழித்துவிட்டு அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோனேன். மண்டபத்தில் கேமரா கார்டு ஃபுல் என்கிறது. தாலி கட்ட அரை மணி நேரம்தான் இருக்கிறது. உதவிக்கு வந்த தம்பி லேப்டாப்பில் போட்டு கண்ட்ரோல், எச் அழுத்திக் காட்டினான். புள்ளி வைத்த பெயரோடு 'ட்ராஷ்-1000' என்று மறைந்திருந்த ஃபோல்டர், உள்ளே அழித்த படங்கள் அத்தனையும். லினக்ஸில் பென் டிரைவிலோ கார்டிலோ டெலிட் அழுத்தினால் அந்த டிரைவுக்குள்ளேயே குப்பைத்தொட்டி போட்டு அதில்தான் வைக்கிறது. கழற்றும் முன்னே தொட்டியைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஷிஃப்ட் சேர்த்து டெலிட் அழுத்த வேண்டும். அப்பேர்ப்பட்ட நேரத்தில் தெரிந்துகொண்டதால் மறக்கவே மாட்டேன்.

சர்வர்க்காவல்:

முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. ஒரு சர்வீஸின் லாக் கோப்பு 30 ஜிபிக்கு வளர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்பை அழித்தேன். டியூ பார்த்தால் 30 ஜிபி குறைந்திருக்கிறது, டிஎஃப் பார்த்தால் இன்னும் 100 சதவீதம். பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் அக்கா 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அடித்துப் பார் என்றார். அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளை அது காட்டும். நான் அழித்த லாக் அங்கே இருந்தது. பெயர்தான் போயிருக்கிறது, சர்வீஸ் அதைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கிறது. பிடியை விடும்வரை இடம் திரும்பாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. அழிக்காமல், கோப்பை அதே இடத்தில் ட்ரங்கேட் செய்து காலியாக்கியிருந்தால் ரீஸ்டார்ட்டே வேண்டியிருந்திருக்காது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹோமில் மறைந்திருக்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்புக்கும் இதேதான். ஏதோ ஒரு புரோகிராம் ஓயாமல் பிழைச்செய்தி எழுதினால் அது பல ஜிபிக்குப் போகும். காலி செய்துவிட்டு, எழுதுவது யார் என்று உள்ளே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே பழையபடி வளர்ந்து நிற்கும்.

இன்னொன்று: டிஎஃப் இடம் இருக்கிறது என்று சொல்லியும் இடமில்லை என்று பிழை வந்தால் 'டிஎஃப் -ஐ' கொடுங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு தீர்ந்திருக்கலாம்.

வெள்ளைமுல்லை:

நான் சொல்ல வந்தது தமிழ் சம்பந்தப்பட்டது. வேண்டாத கோப்புகளை அழிக்கும் ப்ளீச்பிட் சாஃப்ட்வேரை உபயோகிப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். என் கணக்கு ஆங்கிலத்தில், அப்பாவின் கணக்கு தமிழில். அப்பாவுக்கு 71 வயது. மெனு எல்லாம் தமிழில் இருப்பதால்தான் தானாகவே பேப்பர் படிக்கிறார், பேத்தியின் படங்களைத் திறந்து பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ளீச்பிட்டை ரூட்டாகத் திறந்து, இடம் வரும் என்று தோன்றியதற்கெல்லாம் டிக் போட்டேன். அதில் லோக்கலைசேஷன்ஸ் என்றும் ஒன்று. நாம் உபயோகிக்காத மொழிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகளை அழிப்பது அது. எந்த மொழியை விட்டுவைக்க வேண்டும் என்று செட்டிங்கில் நாம்தான் சொல்ல வேண்டும். நான் ஓட்டியது என் ஆங்கிலக் கணக்கிலிருந்து, தமிழுக்கு டிக் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். "ஏம்மா, எல்லாம் இங்கிலீஷா இருக்கே, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அவர் எதையும் தொடவில்லை.

எழுத்துரு அப்படியே இருந்தது, தமிழ்ப் பக்கங்களும் திறந்தன. மெனு மட்டும்தான் போயிருந்தது. ஆப்டில் தமிழ் மொழிப் பேக்கேஜ்களை, அதாவது லாங்குவேஜ்-பேக்-டிஏ, லாங்குவேஜ்-பேக்-நோம்-டிஏ இரண்டையும் ரீஇன்ஸ்டால் செய்தேன். பெரும்பாலானவை திரும்பின. ஒன்றிரண்டு புரோகிராம்கள் மொழிபெயர்ப்பைத் தங்கள் பேக்கேஜிலேயே வைத்திருக்கும், அவற்றைத் தனித்தனியாக ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. தமிழை நீக்கி எனக்குக் கிடைத்த இடம் நூறு எம்பி கூட இருக்காது. அந்த மொழிபெயர்ப்பை யாரோ தன்னார்வலர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

ஃப்ரீ டிஸ்க் ஸ்பேஸ் என்ற டிக்கையும் தொடாதீர்கள். பெயரைப் பார்த்து இடம் தரும் என்று நினைக்கத் தோன்றும். அது காலி இடத்தின் மேலே எழுதி, அழித்த கோப்புகளை மீட்க முடியாமல் செய்வதற்கானது. மணிக்கணக்கில் ஓடும், எஸ்எஸ்டிக்கும் வீண் தேய்மானம்.

அச்சகத்தான்:

முல்லை அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கடைக் கம்ப்யூட்டரில் ப்ளீச்பிட்டைத் திறந்து மொழிப் பட்டியலில் தமிழுக்கு டிக் போட்டுவிட்டேன். எங்கள் கடைப் பையனும் தமிழ் மெனுவில்தான் வேலை செய்கிறான். அழிக்க வேண்டியவற்றில் பிரவுசர் கேஷைத் தவிர மற்ற டிக்கை எல்லாம் எடுத்துவிட்டேன்.

தம்பி, நீங்கள் சொன்ன 99, 100 கதையை இங்கே செய்து பார்த்தேன். 'எல்எஸ் -வி' கொடுத்தால் எண்ணாகப் பார்த்துச் சரியாக அடுக்குகிறது, 99 மேலே, 100 கீழே.

ஃப்ளாட்பேக் என்ற முறையில் சாஃப்ட்வேர் நிறுவுபவர்களுக்கு ஒரு தகவல். சாஃப்ட்வேரை நீக்கினாலும், அது ஓடத் தேவையென்று கூடவே வந்த ரன்டைம் தங்கிவிடும். 'ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு' நேற்று கொடுத்ததில் 2 ஜிபிக்கு மேல் வந்தது. எடுக்கப்போவதைப் பட்டியலாகக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறது. பையனை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லி, பிறகு ஒய் அழுத்தினோம். இப்போது 53 சதவீதம். தை முகூர்த்தத்துக்கு ஸ்கேன் வேலை வர ஆரம்பித்துவிட்டது.