லூட்டில் இந்தக் காலத்து இசை: வாசித்தவர்கள் சொல்லுங்கள்

கிளாசிக்கல் கிதாரிலிருந்து, ஐரோப்பாவின் பழைய தந்தி வாத்தியமான லூட்டுக்கு வந்தவன் நான். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில லூட் கலைஞர் ஜான் டௌலண்ட் மாதிரி பழையவர்கள் எழுதியதெல்லாம் கையில் சீக்கிரமே படிந்துவிட்டது. மல்லுக்கட்டியது புதிதாக எழுதப்பட்டவற்றோடுதான். பலர் மனதில் கிதாரை வைத்து எழுதிவிட்டு மேலே ‘லூட்’ என்று போட்டுவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் எழுதித் தந்ததில், நடுத்தந்தியில் ஒரு ஸ்வரம் நீளமாக நிற்க வேண்டும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அரை ஸ்வரம் தள்ளி இன்னொன்று வந்து உரச வேண்டும். கிதாரில் அருமையாகக் கேட்கும். லூட்டிலோ தந்தி தளர்வு, மேல்பலகையும் மெலிசு. நாதம் சட்டென்று அடங்கிவிடும். இரண்டாவது ஸ்வரம் வரும்போது உரச அங்கே யாருமில்லை! வேகத்தைக் கூட்டிப் பார்த்தோம், சரிப்படவில்லை. அப்புறம் அந்த நீள ஸ்வரத்தை உடைத்துத் திரும்பத் திரும்ப மீட்டினேன். எழுதியவருக்கே அது பிடித்துப்போய், அப்படியே திருத்தி எழுதிவிட்டார்.

—

தந்தியை இழுத்து விரல்பலகையில் ‘டக்’கென்று அறையச் சொல்லும் இசையும் எனக்கு வந்திருக்கிறது. ஆட்டுக்குடல் தந்தியில் அதைச் செய்ய மனசு வரவில்லை, மறுத்துவிட்டேன்.

—

என்னிடம் லூட் இல்லை, கிதார் மட்டும்தான். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1963-இல் கிதார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்காக எழுதிய ‘நாக்டர்னல்’ படித்துக்கொண்டிருந்தேன். டௌலண்டின் ஒரு பாட்டை வைத்து மாறுபாடுகளாகப் போகும்; மூலப் பாட்டு கடைசியில்தான் முழுசாக வரும். சரி, முதலில் அந்தப் பாட்டையே பிடிப்போம் என்று மூன்றாம் தந்தியை ‘ஜி’யிலிருந்து ‘எஃப் ஷார்ப்’புக்கு இறக்கினேன். அவ்வளவுதான், மறுமலர்ச்சிக் கால லூட்டின் தந்திகளுக்கு இடையிலான சுருதி இடைவெளிகள் வந்துவிடும். மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால், மேல் தந்தி ‘ஜி’யில் நிற்கும் லூட்டின் சுருதியும் ஒத்துப்போகும். எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் பழைய டேப்லேச்சர் குறிப்பை அப்படியே வாசிக்கலாம். அதன்பிறகு பிரிட்டனிடம் திரும்பினால், பாட்டின் துணுக்குகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று காது தானாகப் பிடிக்கிறது. தந்தியைப் பழையபடி ‘ஜி’க்கு ஏற்ற மறக்காதீர்கள், அவர் எழுதியது வழக்கமான கிதார் சுருதிக்கு.

—

லூட்-கிதாரை யாரும் சொல்லவில்லையே! உடம்பு லூட் மாதிரி, தந்தி கிதார் மாதிரி. சோவியத் நாட்டில் விளாதிமிர் வவிலோவ் இதில் வாசித்து, 1970-இல் ‘16, 17-ஆம் நூற்றாண்டு லூட் இசை’ என்று ஒரு இசைத்தட்டு போட்டார். பெரும்பாலானவை அவரே எழுதியவை; பெயர் மட்டும் பழையவர்களுடையது. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன். விஷயம் தெரிந்தபிறகும் விடாமல் வாசிக்கிறேன். புது இசை லூட்டுக்கு ஒத்துவராது என்பவர்களிடம், யார் எழுதியது என்று சொல்லாமல் முதலில் இதைத்தான் வாசித்துக் காட்டுவேன்.