பழைய பென்னி ஜாடி: அச்சுப் பிழை உள்ள காசுகளுக்கு உண்மையில் என்ன விலை கிடைக்கும்?

ஒஹாயோ_அம்மா:

வணக்கம். காசு சேர்ப்பதில் எனக்கு முன்பின் பழக்கம் இல்லை, தப்பாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்து வீட்டைக் காலி செய்தார். போகும்போது என் பையனைக் கூப்பிட்டு, பெரிய ஊறுகாய் ஜாடி நிறைய பென்னி, அதாவது லிங்கன் முகம் போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசு, கொடுத்துவிட்டுப் போனார். பையனுக்குப் பதினோரு வயது. மூன்று சனிக்கிழமையாக அவனும் நானும் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, ஆண்டு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம். பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் போட்ட பழைய காசுகளே 200-க்கு மேல் தேறிவிட்டன.

வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்துதான் குழப்பம். எந்தக் காசை எடுத்தாலும் யாரோ ஒருவர் அது ஆயிரம் டாலர், லட்சம் டாலர் என்கிறார். எங்களுக்குச் சந்தேகம் உள்ளவை இவை. ஒரு 1955, அதில் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்தது போல இரட்டையாகத் தெரிகிறது, மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு 1943, செம்பு நிறம். அந்த ஆண்டுச் செம்புக் காசு பத்து லட்சம் டாலர் வரை போகும் என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லைதான், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1964 காசு ஒன்றில் ஆண்டுக்குக் கீழே எந்த எழுத்தும் இல்லை. 1983-ல் லிங்கன் கன்னத்தில் கொப்புளம் மாதிரி வீங்கியிருக்கிறது. வளைந்தது, ஓட்டை போட்டது, ஓரத்தில் எலி கடித்தது போலப் பிறை வடிவில் துண்டு போன ஒரு 1976 என்று சேதமானதையெல்லாம் பையன் தனியாக ஒரு கிண்ணத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறான், அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

ரொம்பக் கறுத்துப்போன இருபது காசுகளைக் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்துவிட்டன. மீதியையும் தேய்த்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போகலாமா?

அச்சுப்பிழை:

சகோதரி, முதலில் அந்தப் புளிக் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பழைய செம்புக் காசின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, காற்றுப் பட்டுப் பல வருஷமாக உலோகமே போர்த்திக்கொண்ட தோல் அது. புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடுகிறது, அடியிலிருந்து உயிரில்லாத ஓர் இளஞ்சிவப்பு வருகிறது, காசு பார்த்துப் பழகியவர் அதை எட்ட இருந்தே கண்டுபிடித்துவிடுவார். தேய்த்த காசுக்குப் பாதி விலை கிடைத்தாலே பெரிது. இருபதோடு நின்றதே நல்லது, இனி ஒன்றைக்கூடத் தொட்டுத் தேய்க்க வேண்டாம், எடுக்கும்போதும் ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள் பையனை.

மிச்சிகனில் பதினைந்து வருஷமாக இந்தப் பிழைக் காசுகளைத்தான் சேர்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1955-ல் விலை போகும் காசு எப்படி உருவானது என்று தெரிந்தால் உங்களுடையது அதுவா என்று நீங்களே சொல்லிவிடலாம். காசு அடிக்கும் அச்சை ஒரு தாய் அச்சிலிருந்து எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அது ஒரே அழுத்தில் முடியாது, ஒரு தடவை அழுத்தினால் எஃகு இறுகிவிடும், உலையில் வாட்டி இளக்கி மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். மறுபடி வைக்கும்போது மயிரிழை திரும்பிவிட்டால் அச்சிலேயே எழுத்து இரண்டிரண்டாகப் பதிந்துவிடும், அப்புறம் அந்த அச்சு அடிக்கிற ஒவ்வொரு காசும் அப்படியேதான் வரும். அதைத்தான் டபுள் டை என்கிறோம். காசு அடிக்கும் அரசுச் சாலையான பிலடெல்பியா மின்ட்டில் தவறைக் கண்டுபிடித்தபோது 20,000-க்கு மேற்பட்ட காசுகள் மற்ற நல்ல காசுகளோடு கலந்துபோயிருந்தன, பிரித்தெடுக்க முடியாது என்று வெளியே விட்டுவிட்டார்கள். அவற்றில் நிறைய சிகரெட் பெட்டி வழியாகத்தான் ஜனங்கள் கைக்கு வந்தது. இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பெட்டி வரும், மீதி இரண்டு பென்னியைப் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள்.

அந்தக் காசில் ஆண்டின் நான்கு எண்ணும், 'லிபர்ட்டி' என்ற சொல்லும், மேலே உள்ள 'இன் காட் வீ டிரஸ்ட்' வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். கடைசி 5 மட்டும் நிழலடித்தால் அது தேய்ந்துபோன அச்சில் அடித்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதற்கு ஏழையின் டபுள் டை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு டாலர் கொடுத்தால் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இதுதான். இன்னொன்றும் இருக்கிறது, காசை அடித்த கணத்தில் அச்சு லேசாக ஆடிவிட்டால் எழுத்தின் ஓரம் நசுங்கிப் படிக்கட்டு போலத் தட்டையாகும். அதற்கு மதிப்பே கிடையாது, ஆனால் வீடியோக்களில் காட்டுவதில் பாதிக்கு மேல் அதுதான். உண்மையான டபுள் டையில் இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டு முழு உயரத்துக்கு நிற்கும், எழுத்தின் முனைகள் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொடுங்கள், பையன் ஒரே வாரத்தில் பிடித்துவிடுவான்.

1943-க்குக் காந்தம் போதும். போரில் தோட்டா உறைக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள். முந்தைய வருஷத்து, இன்னும் அச்சு விழாத வெண்கல வில்லைகள் சில தொட்டிகளில் ஒட்டிக்கொண்டிருந்து உள்ளே போய்விட்டன, அவைதான் அந்த லட்சக்கணக்கான டாலர் காசுகள், விரல்விட்டு எண்ணிவிடலாம். மாசசூசெட்ஸில் 1947-ல் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்துச் சில்லறையில் ஒன்று கிடைத்தது, 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்றது ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் முலாம்தான். ஒட்டவில்லை என்றால் 3-இன் வாலைப் பாருங்கள், உண்மையான 1943-இல் அது மற்ற எண்களைவிடக் கீழே இறங்கி நிற்கும். 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியதில் அப்படி இறங்காது.

1964-ல் எழுத்து இல்லாதது பிழையே இல்லை. பிலடெல்பியாவில் அடித்த பென்னிக்கு, அடித்த ஊரைக் காட்டும் எழுத்துப் போடும் வழக்கமே கிடையாது, 2017 ஒரு வருஷம் மட்டும் 'பி' போட்டார்கள். எழுத்து இல்லாமல் மதிப்புள்ளது 1922, ஏனென்றால் அந்த வருஷம் டென்வரில் மட்டும்தான் பென்னி அடித்தார்கள், அதனால் ஒவ்வொன்றிலும் 'டி' இருந்தாக வேண்டும். அச்சைத் தேய்த்துச் சீராக்கியதில் 'டி' விழாமல் போய், பின்பக்கம் மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கும் காசு பல நூறு டாலர் போகும்.

1983 கொப்புளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. 1982 நடுவில் வெண்கலத்தை விட்டுத் துத்தநாகத்துக்கு மாறினார்கள், மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும். பூச்சுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால் இப்படி வீங்கும், அந்த வருஷக் காசுகளில் சர்வசாதாரணம். ஆனால் 1982, 1983 காசுகளை மட்டும் எடை போட்டுப் பாருங்கள். வெண்கலம் 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். 1983 என்று போட்டு 3.11 காட்டினால் உடனே இங்கே வந்து சொல்லுங்கள். 'டி' போட்ட 1982-ல், ஆண்டின் எண்கள் சிறியதாக உள்ளது வெண்கலத்தில் இருந்தாலும் அப்படித்தான், அதில் முதல் காசு 2016-ல்தான் கண்ணில் பட்டது, பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றது.

மினியாப்பொலிஸ்_72:

அக்கா, மேலே அண்ணன் எல்லாமே சொல்லிவிட்டார், என் அனுபவம் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தெரியாமல் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். எட்டு வருஷத்துக்கு முன் வங்கியில் 25 டாலருக்கு ஒரு பெட்டி பென்னி வாங்கினேன், 2,500 காசு, அதில் ஒரு 1972 டபுள் டை கிடைத்தது. எழுத்தெல்லாம் சுழன்று இரண்டாகத் தெரிந்தது, பிலடெல்பியாக் காசு, முதல் வகை. அப்போது எனக்கு அந்த வகை கிகையெல்லாம் தெரியாது. ஊரில் ஒரு காசுக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் 'தேய்ந்த அச்சு' என்று சொல்லி ஐந்து டாலர் நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருநூறு டாலர் அளவுக்குப் போகும் காசு. அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே எனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் 1972 எதைப் பார்த்தாலும் அந்தக் கல்லா மேசைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஜாடியில் உள்ள 1972, 1984, 1995 எல்லாவற்றையும் தனியே எடுத்து லென்ஸில் பாருங்கள். 1984-ல் லிங்கன் காது மடலுக்குக் கீழே இன்னொரு மடல் தெரியும். 1995-ல் 'லிபர்ட்டி' இரட்டையாக இருக்கும், அது இன்றும் சில்லறையில் கிடைக்கிறது, இருபது முப்பது டாலர்.

டாலஸ்காரன்:

விலை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈபேயில் ஒருவர் 50,000 டாலர் என்று போட்டிருந்தால் அது அவர் கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது, அதை அழுத்திவிட்டுப் பார்த்தால் அதே காசு இரண்டு டாலருக்குப் போயிருப்பது தெரியும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற இடங்களுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கச் சொல்வார்கள், நூறு டாலருக்குக் குறைந்த காசுக்கு அதைச் செய்யாதீர்கள், கட்டணமும் தபால் செலவும் காசின் விலையைத் தின்றுவிடும்.

2025 நவம்பர் 12-ல் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியைப் பிலடெல்பியாவில் அடித்துவிட்டார்கள், ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் ஆகிறது என்று நிறுத்திவிட்டார்கள். இனிமேல் சாதாரணப் பென்னிக்கும் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 30,000 கோடி பென்னி வெளியே இருப்பதாக மின்ட்டே சொல்கிறது. உருக்கிச் செம்பாக விற்கலாம் என்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள், 2007 முதல் அது சட்டப்படி குற்றம்.

ஒஹாயோ_அம்மா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. 1943-ஐக் குளிர்பதனப்பெட்டிக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. பையனுக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் மற்ற 1943 காசுகளையெல்லாம் வரிசையாக ஒட்டிப் பார்த்து அவனே சமாதானமாகிவிட்டான். 1955 அண்ணன் சொன்னது போலத்தான், 5 மட்டும்தான். 1982, 1983 எடை போட்டதில் ஒன்றும் விசேஷம் இல்லை. 1972 ஒன்பது இருக்கிறது, எல்லாம் ஒற்றை எழுத்துதான்.

அச்சுப்பிழை:

சகோதரி, உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். எலி கடித்தது போலப் பிறை வடிவில் துண்டு போன 1976 என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கிண்ணத்தைக் கொட்டிவிடவில்லையே?

பூரிக்கு மாவைப் பெரிதாகத் தேய்த்து டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த பூரி பிறை மாதிரி ஒரு துண்டு குறைந்து வரும். மின்ட்டிலும் உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது இதே கதைதான். தகடு சரியாக நகரவில்லை என்றால் பழைய ஓட்டையின் வளைவு புது வில்லையைக் கடித்துவிடும், அந்த வில்லை அப்படியே அச்சுக்குப் போய்க் காசாகிவிடும்.

யாராவது பின்னால் இடுக்கியால் வெட்டியதா, மின்ட் பிழையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடி இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப் பக்க விளிம்பைப் பாருங்கள். அச்சுக்குப் போகும் முன் வில்லையை உருட்டி ஓரத்தை எழுப்புவார்கள். கடிபட்ட இடம் உருளும்போது அங்கே பிடிமானம் இருக்காது, அதனால் எதிர்ப் பக்கத்திலும் அழுத்தம் கிடைக்காமல் விளிம்பு எழும்பாமல் போய்விடும். இதை நம்மால் வீட்டில் செய்ய முடியாது. பின்னால் வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும்.

ஒஹாயோ_அம்மா:

அண்ணா, கிண்ணம் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மேசை விளக்கைத் தாழ்த்திவைத்துப் பையனும் நானும் பார்த்தோம். கடி வலது பக்கம் கீழே, ஆண்டுக்கு அடியில். நேர் எதிரே 'இன் காட்' என்று தொடங்கும் இடம். அங்கே விளிம்பே இல்லை! மற்ற இடத்தில் நகம் வைத்தால் மேடு தட்டுகிறது, அந்த இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது, 'இன்' எழுத்துகள் கரைந்தது போல ஓரத்தோடு சேர்ந்துவிட்டன. எடை 3.02. பையன் நாலு தடவை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, இதை விற்க மாட்டேன் என்கிறான்.

அச்சுப்பிழை:

அதுதான், சந்தேகமே வேண்டாம். இந்த அளவுக் கடிக்கு ஐந்து டாலர் பக்கம் கிடைக்கும், விற்க வேண்டிய அவசியமே இல்லை. என் பெட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, முதலில் கிடைத்ததும் ஒரு கடிபட்ட பென்னிதான், அதை இன்னும் கொடுக்கவில்லை.

மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கிக் காசை அரித்துவிடும். நடுவில் கண்ணாடித்தாள் வைத்த அட்டை கிடைக்கும், பென்னிக்கு 19 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். அட்டையை மடித்து ஸ்டேப்ளர் அடித்ததும் முள்ளின் முனையை இடுக்கியால் தட்டையாக்கிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுக்கும்போது பக்கத்துக் காசைக் கீறும்.