இடுப்பு வலிக்கு ஹீட்டிங் பேட் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்?

திருப்பூர்_குமார்

வணக்கம்ங்க. எங்க வீட்ல பனியன் கம்பெனில டெய்லருங்க, ஓவர்லாக் மிசின். தெனமும் ஒன்னரை ஷிப்ட்டு, காலைல 8.30க்கு ஸ்டூல்ல உக்காந்தா ராத்திரி 8.30க்குத்தான் எந்திரிக்கறது, நடுவுல சாப்பாடு, ரெண்டு டீ, அவ்வளவுதான். மூணு மாசமா இடுப்புல ரெண்டு பக்கமும் புடிச்சுக்குது, வலது தோள்பட்டைக்குக் கீழ கல்லு வெச்ச மாதிரி இறுகிக் கெடக்குதுங்க. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, எக்ஸ்ரேல ஒன்னும் இல்ல, தசை இறுக்கம்தான்னு அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிட்டு "சூடு வைங்க"ன்னாரு. எதை வெச்சு வைக்கறதுன்னு நானும் கேக்கல அவரும் சொல்லல, வெளிய முப்பது பேர் உக்காந்திருந்தாங்க.

மெடிக்கல்ல கேட்டா மூணு ஐட்டம் எடுத்து வெச்சாங்க. ரப்பர் சுடுதண்ணி பை 280 ரூவா. கரண்ட்ல சார்ஜ் ஏத்தற மாதிரி வெல்வெட் துணி போட்ட ஜெல் பை 350. இடுப்புல சுத்திக் கட்டற பெல்ட்டு மாதிரி கரண்ட் பேடு 1,150. ஆன்லைன்ல பாத்தா எல்லாத்துக்கும் நாலு ஸ்டாரு, எல்லாரும் சூப்பர்னு எழுதியிருக்காங்க, டப்பாவப் பிரிச்ச அன்னிக்கே எழுதறாங்க போல. எங்கம்மா என்னடான்னா எதுக்குடா தண்டச்செலவு, கல்லுப்ப வறுத்து ஒத்தடம் குடுத்தா போச்சுங்கறாங்க. அதே வாயில, வாங்கினா எனக்கும் காலுக்கு வெச்சுக்கலாமேங்கறாங்க. 1,500க்குள்ள எது வாங்கலாம்? ஒரு வருசமாவது யூஸ் பண்ணினவங்க சொல்லுங்க.

வேலூர்_வெயில்

அந்த ஜெல் பை மட்டும் வேணாம் ப்ரோ, நான் அனுபவப்பட்டு சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி பைக் ஓட்டி ஓட்டி முதுகு போச்சுன்னு ஒண்ணு வாங்கினேன். பிளக்ல மாட்டினா ஏழெட்டு நிமிஷத்துல லைட் அணைஞ்சிடும், கழட்டி வெச்சுக்கிட்டா அரைமணி நேரத்துக்கு மேலயே சூடு நிக்கும், ஆறு மாசம் அருமையா இருந்துச்சு. ஒருநாள் சார்ஜ் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், எண்ணெய்ல போட்ட பூரி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது, லைட் அணையவே இல்ல, ஓரத்து ஒட்டு பிரிஞ்சு தண்ணி தரையில ஓடுது. மெயின போய் ஆஃப் பண்ணிட்டுத்தான் பிளக்கையே தொட்டேன்.

அப்புறம் என்னதான் இருக்குன்னு கத்தரிக்கோலால வெட்டிப் பாத்தேன், ஜெல்லும் இல்ல ஒண்ணும் இல்ல, ஏதோ உப்பு கலந்த தண்ணி, அதுக்குள்ள ரெண்டு உலோகத் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கு. அதாவது கரண்ட் அந்தத் தண்ணி வழியாவே பாஞ்சுதான் தண்ணி சூடாகுது. எல்லா மாடலும் இப்படியான்னா கிடையாது, ஆனா வெளியே இருந்து பாத்தா எது எப்படின்னு நமக்குத் தெரியவே தெரியாது. சார்ஜ்ல போட்டுக்கிட்டே வயித்துல வெச்சுக்கிட்டு படுக்குறவங்கள பாத்திருக்கேன், இத எழுதும்போதே கை நடுங்குது.

பிசியோ_அக்கா_மதுரை

தம்பி, அம்மாவுக்கு சுகர் இருக்கா? அத மொதல்ல சொல்லுங்க.

உங்க வீட்டம்மாவுக்கு மட்டும்னா கரண்ட் பேட் தாராளமா வாங்கலாம், அவங்க வேலைக்கு அதுதான் வசதி. 12 மணி நேரம் உக்காந்துட்டு வந்து அடுப்புல தண்ணி காயவெச்சு பையில ஊத்தி அது ஆறினதும் மறுபடி ஊத்தின்னு யாரு செய்வா, நாலு நாள் செஞ்சுட்டு பரண்ல போட்ருவாங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வெளியில இருந்து வைக்கிற எந்தச் சூடும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல பெருசா உள்ள இறங்காது. தோல் சூடாகுது, அங்க ரத்த ஓட்டம் கூடுது, வலிச்ச இடத்துல இதமா இருக்கிறதால இறுக்கிப் புடிச்ச தசை கொஞ்சம் விட்டுக் குடுக்குது, அவ்வளவுதான். 2006ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புலயும் இதேதான், புதுசா வந்த இடுப்பு வலிக்கு சூடு கொஞ்ச நாளைக்கு கொஞ்சம் குறைக்கும்னு. உங்க வீட்ல மூணு மாச வலி, அதனால சூடு வெச்சு தசை தளர்ந்து இருக்கிற அந்தப் பத்து நிமிஷத்துல மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் புடிக்கிற பயிற்சி செய்யச் சொல்லுங்க, சூட்டை விட அதுதான் வேலை செய்யும். கம்பெனில சாயுற வசதி உள்ள சேர் கேட்டுப் பாருங்க, குடுக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் கேளுங்க.

15லேர்ந்து 20 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும். பேடுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு டவல் கட்டாயம். பேட் மேல ஏறிப் படுக்கக் கூடாது, குப்புறப் படுத்து பேட் இடுப்பு மேல இருக்கணும், இல்லன்னா உக்காந்து கட்டிக்கணும். அடியில வெச்சு அமுக்கிப் படுத்தா சூடு வெளிய போக வழியில்லாம அங்கேயே ஏறும். வோலினி மாதிரி எதையாவது தேச்ச இடத்துல வைக்கவே வைக்காதீங்க, வெந்துரும். வலி காலுக்கு இறங்கி மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ, காய்ச்சலோட வலிச்சாலோ பேட் எல்லாம் ஓரமா வெச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடணும்.

அம்மா சொன்ன உப்பு ஒத்தடத்தையும் தள்ளாதீங்க. நல்ல காடாத் துணியில ரெண்டு மடிப்பா மூட்டை கட்டி மொதல்ல நம்ம உள்ளங்கையில வெச்சுப் பாத்து, பொறுக்கிற சூடா இருந்தா ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஒரே இடத்துல வெச்சு அமுக்காம எடுத்து எடுத்து ஒத்துறோம் பாருங்க, அந்தக் காலத்து ஆளுக சூடு படாம இருக்க கண்டுபிடிச்ச வழி அது. தோள்பட்டைக்கு என்னக் கேட்டா பேடை விட இதுதான், இடுப்பு பெல்ட் தோள்ல ஒழுங்கா உக்காராது.

திருப்பூர்_குமார்

ரொம்ப நன்றிங்க்கா. அம்மாவுக்கு சுகர் இருக்குதுங்க, 11 வருசமா. பாதம் எரியுது எரியுதுன்னுதான் காலுக்குக் கேக்கறாங்க. ஏனுங்க்கா, வெக்கக் கூடாதா? போன மாசம் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது ஒரு செருப்பு கழண்டு வுழுந்ததே தெரியாம வூடு வரைக்கும் நடந்து வந்துட்டாங்க, நாங்கெல்லாம் சிரிச்சோம்.

பிசியோ_அக்கா_மதுரை

சிரிக்கிற விஷயம் இல்ல தம்பி. செருப்பு கழண்டது தெரியலன்னா கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், சுகர்ல நரம்பு பாதிச்சா எரிச்சலும் இருக்கும் மரமரப்பும் இருக்கும், ரெண்டும் ஒண்ணா வரும். அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. பேட் சுடுதுன்னு நமக்கு உடனே உறைக்கும், எடுத்துருவோம், அவங்களுக்கு அந்த மணி அடிக்காது. 60 டிகிரின்னா அஞ்சு செகண்டுல தோல் வெந்துரும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா வெறும் 44 டிகிரி, கையில தொட்டா இதமா இருக்கும், அது ஆறு மணி நேரம் ஒரே இடத்துல இருந்தாலும் புண்ணாக்கிரும். ராத்திரி கால்ல கட்டிட்டுத் தூங்கி காலையில கொப்புளத்தோட வந்தவங்களுக்கு நான் கட்டு மாத்தி விட்டிருக்கேன், வலிக்கவே இல்லம்மான்னு சொல்லுவாங்க. சுகர்காரங்க கால் புண்ணு ஆறுறது என்ன பாடுன்னு சொல்லத் தேவையில்ல.

அம்மா காலுக்கு பேடும் வேணாம், சுடுதண்ணி பையும் வேணாம், உப்பு ஒத்தடமும் வேணாம், வெந்நீர்ல கால் முக்குறதும் வேணாம். சுகர் டாக்டர்கிட்ட கூட்டிப் போயி பாத உணர்ச்சி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, மெல்லிசு நைலான் நரம்பு ஒண்ண வெச்சு பாதத்துல தொட்டுப் பாப்பாங்க, வலிக்காது. எரிச்சலுக்குத் தனியா மாத்திரை இருக்கு. இந்த வாரமே போங்க, பேட் அப்புறம் வாங்கலாம்.

யாழ்ப்பெடியன்_லண்டன்

அண்ணை, நாங்கள் இஞ்ச குளிருக்குள்ள இருக்கிற ஆக்கள், சுடுதண்ணிப் போத்தல் இல்லாத வீடே இல்லை, அம்மா அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுப்பா. நீங்கள் ரப்பர் பை வாங்கிறதெண்டா ஒண்டைக் கவனியுங்கோ, இஞ்ச பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 1970 எண்டு போட்டு வாற போத்தலில கழுத்துப் பக்கம் ஒரு சின்னப் பூ அச்சடிச்சிருக்கும், பலபேர் அதை டிசைன் எண்டு நினைக்கினம். நடுவில இருக்கிற நம்பர் செய்த வருசம், சுத்தி இருக்கிற 12 இதழும் 12 மாசம். ரப்பர் உக்கிப்போகும், அதாலை ரெண்டு வருசத்துக்கு மேல பாவிக்கக் கூடாது எண்டு சொல்லுவினம். கடையில அலுமாரியில கிடந்த காலமும் அதில சேரும். உங்கட பக்கத்துப் பையில பூ இல்லாட்டி செய்த திகதியாவது கிடக்கோ எண்டு பாத்து எடுங்கோ.

கொதிதண்ணி ஊத்தாதேங்கோ. முக்கால்வாசிக்குக் கீழதான் நிரப்பவேணும், பிறகு மெதுவா அமத்திக் காத்தை வெளியேத்திப்போட்டு மூடவேணும், காத்து நிண்டால் ஆள் மேல படுக்கேக்க மூடி விட்டுடும். அம்மான்ர பழைய போத்தல் ஒண்டு மடிச்ச இடத்தில கீறல் கீறலா வெடிச்சிருந்தது, மெத்தையோட போச்சு, நல்லகாலம் ஆள் அப்ப குசினிக்க நிண்டவ.

ஓஎம்ஆர்_கட்டில்

பேட் வாங்குறதுன்னு முடிவாயிட்டா ஒரு மேட்டர், இதுல நான் நல்லா ஏமாந்தேன். டப்பா மேல "ஆட்டோ கட்"னு பெருசா போட்டிருப்பான். நாம என்ன நினைப்போம், அரைமணி நேரத்துல தானா ஆஃப் ஆயிடும்னு. கிடையாது. பாதி மாடல்ல அது உள்ள இருக்கிற தெர்மோஸ்டாட், ஒரு அளவுக்கு மேல சூடானா கட் ஆகும், ஆறினதும் தானா திரும்ப ஆன் ஆகும், நீங்க தூங்கிட்டா விடிய விடிய அப்படியே ஓடிக்கிட்டிருக்கும். அயர்ன் பாக்ஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். நமக்கு வேண்டியது டைமர், 30 நிமிஷமோ 60 நிமிஷமோ ஆனதும் ஒரேயடியா நின்னுடணும், திரும்ப நாம அமுக்கினாதான் ஆன் ஆகணும். கடைக்காரர்கிட்ட ஆட்டோ கட் இருக்கான்னு கேட்டா ஆமாம்பாரு. டைமர் இருக்கான்னு கேளுங்க, அப்பதான் டப்பாவத் திருப்பிப் படிப்பாரு.

எனக்கு டைமர் இல்லாதது. வீட்ல இருந்து வேலை, சேர்ல முதுகுக்குப் பின்னாடி சொருகிட்டு லோல போட்டுட்டு நாள் பூரா உக்காந்திருப்பேன், சுடவே சுடாது, இதமா இருக்கும். நாலு மாசம் கழிச்சு வொய்ஃப் கேக்குறா, என்ன உங்க முதுகுல மீன்வலை விரிச்ச மாதிரி இருக்குன்னு. பழுப்பு கலர்ல கட்டம் கட்டமா கோடு. தோல் டாக்டர் பாத்த உடனே, நீங்க சூடு வைக்கிறீங்களான்னாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. தொடர்ந்து லேசான சூடு பட்டாலே இப்படி வருமாம், காஷ்மீர்ல காங்ரின்னு தணல் சட்டிய உடுப்புக்குள்ள வெச்சுக்குவாங்களே அவங்களுக்கு வயித்துல தொடையில இப்படி வருமாம், வருஷக்கணக்கா விட்டா புற்றுநோய் வரைக்கும் போனவங்க உண்டாம். நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு, இன்னும் லேசா தெரியுது.

கரண்ட் பில்லு பத்தி கவலையே வேணாம், 60 வாட்ஸ் பேட் தினம் அரைமணி நேரம்னா மாசத்துக்கு ஒரு யூனிட் கூட வராது. பேட்ட நாலா மடிச்சு பீரோல திணிக்காதீங்க, உள்ள இருக்கிற கம்பி மடிப்புல முறிஞ்சா அந்த இடம் மட்டும் தனியா கொதிக்கும், சுருட்டி வைங்க. ஒயர் பேடுக்குள்ள நுழையுற இடத்த வாரம் ஒருதடவை தடவிப் பாருங்க. பெல்ட் வழுக்குதுன்னு ஊக்கு மட்டும் குத்திடாதீங்க, எங்க வீட்ல ஒருத்தங்க பண்ணினாங்க.

திருப்பூர்_குமார்

எல்லாருக்கும் நன்றிங்க, லேட்டா வரேன், சிப்மென்ட் நேரம். அம்மாவ மொதல்ல கூட்டிட்டுப் போனேங்க. அந்த நைலான் நரம்புல தொட்டுத் தொட்டுக் கேட்டாங்க, ரெண்டு கால்லயும் கட்டை விரலு, குதிங்காலு ரெண்டு எடத்துலயும் அம்மா ஒன்னும் தெரியலன்னுட்டாங்க. பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்த எனக்கு வவுறு கலங்கிப் போச்சு. மாத்திரை எழுதியிருக்காங்க, வூட்டுக்குள்ளயும் செருப்பு போடச் சொல்லியிருக்காங்க, அதுக்குத்தான் சண்டை, சாமி ரூமு இருக்கற வூட்ல செருப்பான்னு.

பேடு வாங்கியாச்சுங்க. அந்த 1,150 பெல்ட்டுல டைமர் இருக்குதான்னு கேட்டேன், ஓஎம்ஆர் நண்பர் சொன்னாப்லயே கடைக்காரர் டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இல்லீங்கன்னாரு. இன்னொரு கடைல 1,390க்கு 60 நிமிசம் டைமரோட கெடச்சுது. ராத்திரி சாப்பிட்டுட்டு இருவது நிமிசம் கட்டிக்கறா, அப்பறம் அக்கா சொன்ன முழங்கால் இழுக்கறது. ஒரு வாரம் ஆச்சு, காலைல எந்திரிக்கறப்ப புடிப்பு கொறஞ்சிருக்குதுங்கறா. தோளுக்கு அம்மாதான் உப்பு ஒத்தடம் குடுக்கறாங்க, அதுல அவங்களுக்கு ஒரே பெருமை. உப்புச் சூடு மட்டும் என்ற உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டுத்தான் வுடறது, அம்மா கைய நம்பறதில்ல.

ஒரே ஒரு கொறை, பெல்ட்டு நீளம் பத்தல, வெல்க்ரோ நுனியில மட்டும் ஒட்டிட்டு பிச்சுட்டு வருது. ஊக்கு போடக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேன். நேத்து லஞ்ச் டைம்ல கம்பெனிலயே வேஸ்ட் எலாஸ்டிக்கு ஒரு சாண் எடுத்து, பேட விட்டுட்டு வார்ப்பட்டையோட நுனியில மட்டும் வெச்சு தெச்சு எடுத்துட்டு வந்துட்டா. சூப்பர்வைசரு என்னம்மா பீஸ் இதுன்னு கேட்டாராமா, எம்பட இடுப்பு சாருன்னாளாமா.