கலைச்சொல்: மூளை அறுவை அவசரங்களுக்கான ‘சிமுலேஷன்’ பயிற்சி

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மயக்கவியல் முதுநிலை மாணவர்களுக்கும் அறுவையரங்கச் செவிலியருக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் உருவாகி வருகிறது. மூளை அறுவையின் நடுவே வரக்கூடிய ஐந்து அவசரங்களை அது எடுத்துக்கொள்கிறது: சிரைக்குள் காற்று புகுதல், அனியூரிசம் (தமனிச் சுவரில் வரும் புடைப்பு) வெடித்தல், மூளை பிதுங்குதல், விழித்த நிலை அறுவையில் வலிப்பு, குப்புறக் கிடக்கும் நோயாளிக்கு இதயம் நின்றுபோதல். ஐந்தும் சிமுலேஷன் அறையில், அதாவது உண்மை நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து அறுவையரங்கைப் போலவே அமைத்த அறையில், நடத்திக் கற்பிக்கப்படுபவை.

‘சிமுலேஷன்’ என்பதற்கு அகராதிகளிலும் இணையத்திலும் பாவனை, உருவகப்படுத்தல், ஒப்புருவாக்கம், போலச்செய்தல் எனப் பல சொற்கள் கிடைக்கின்றன. நாளிதழ்களில் பேரிடர் மீட்பு ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை என்று எழுதுவதால் ‘ஒத்திகைப் பயிற்சி’ என்றே வைத்துவிடலாமா என்பது என் எண்ணம். செவிலியருக்குப் படித்தவுடனே புரியும். ‘டீப்ரீஃபிங்’ (பயிற்சி முடிந்தபின் அமர்ந்து பேசுவது), ‘மேனிகின்’ (நோயாளியாக வைக்கும் பொம்மை) இரண்டுக்கும் சொல் வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: நரம்பு மயக்கவியல் பயிற்றுநர்

ஐயா, வணக்கம். ஒத்திகை நல்ல சொல்தான், ஆனால் இந்தப் பயிற்சிக்கு அது பொருந்தாது. ஒத்திகையில் வசனம் எல்லோருக்கும் முன்பே தெரியும். இங்கே பயில்பவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. அவர் செய்வதைப் பொறுத்தே அடுத்த நிமிடம் மாறும். அந்த மாற்றம் சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஓர் அமர்வு எப்படி ஓடுகிறது என்று எழுதிவிட்டால் சொல் தேடுவது எளிதாகும்.

சிறுமூளைப் பகுதிக் கட்டி, 70 கிலோ எடையுள்ளவர், உட்கார்ந்த நிலையில் அறுவை. தலை இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. மண்டையோட்டுச் சிரைகளோ எலும்பில் ஒட்டியிருப்பதால் சுருங்கி மூடிக்கொள்வதில்லை. வெட்டுண்ட சிரை வாய் திறந்தபடி காற்றை உள்ளிழுக்கும். தொடக்கத்தில் திரையில் இதயத்துடிப்பு 72, சராசரி இரத்த அழுத்தம் 80, மூச்சு இறுதிக் கார்பன் டை ஆக்சைடு 35, ஆக்சிஜன் செறிவு 99. எலும்பைத் திறக்கும் கட்டத்தில், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் அந்த 35-ஐ 28-க்கு இறக்குகிறார். அழுத்தத்தில் இன்னும் மாற்றமில்லை. மார்பெலும்பின் வலப்பக்கம் வைத்த டாப்ளரின் (இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி) ஒலி மட்டும் கரகரப்பாக மாறுகிறது.

பயில்பவர் இங்கே பிரித்தறிய வேண்டும். சுவாசக் குழாய் கழன்றிருந்தால் கார்பன் டை ஆக்சைடு அலையே மறைந்துவிடும், குறைந்த அழுத்த அலாரமும் அடிக்கும். காற்றடைப்பில் (ஏர் எம்பாலிசம், சிரைக்குள் காற்று புகுவது) அலை நிற்காது. மூச்சுக்கு மூச்சு அதன் உயரம் மட்டும் குறையும். ஆக்சிஜன் செறிவு விழுவது பிந்தித்தான், அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

முதல் செயல், அறுவை மருத்துவரிடம் சொல்வது. “சார், ஏர் எம்பாலிசம் சந்தேகம், ஃபீல்டுல சலைன் ஊத்துங்க” என்று உரக்க, ஒரே மூச்சில். அவர் உப்புநீரால் புண்ணை நிரப்பி, எலும்பு விளிம்பில் மெழுகு தேய்ப்பார். மயக்கவியலாளர் நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் நிறுத்தி, ஆக்சிஜனை 100 சதவீதமாக்குவார். நைட்ரஸ் ஆக்சைடு குமிழுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும். உதவியாளர் கழுத்துச் சிரைகளை மெல்ல அழுத்தினால் தலைப்பக்கம் சிரையழுத்தம் ஏறும். காற்று புகுவது குறையும், திறந்த வாயிலிருந்து இரத்தம் கசிந்து இடத்தையும் காட்டிக்கொடுக்கும். வலது மேலறை வாயிலில் முன்பே வைத்த பல துளைக் குழாய் வழியே காற்றை உறிஞ்சலாம். அழுத்தம் சரிந்தால் திரவமும் நாளச்சுருக்கியும் (இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து) கொடுத்து, மேசையைச் சாய்த்துத் தலையை இதய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தலையை இறக்கும் இந்தப் படியில்தான் நிறையக் குழுக்கள் தடுமாறுகின்றன. தலையைக் கவ்விய ஊசிச் சட்டத்தை மேசையின் முதுகுப் பகுதியில் பொருத்தியிருந்தால் முதுகோடு தலையும் சேர்ந்து இறங்கும். கால் பகுதியில் பொருத்தியிருந்தால் சட்டத்தைக் கழற்றாமல் இறக்கவே முடியாது. தொடங்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டியதை நெருக்கடி நேரத்தில் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு நிமிடத்துக்குள் அறுவை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு 18, அழுத்தம் 50, செறிவு 91. ஐந்தாவது நிமிடம் நாடி இல்லை. சொல்லியிருந்தால் எல்லாம் மெல்லத் திரும்பும். கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிலிட்டர் காற்று வேகமாகப் புகுந்தால் உயிரே போகக்கூடும். இவருக்கு அது 210 முதல் 350 மில்லிலிட்டர், அதாவது சில பெரிய சிரிஞ்சு அளவுதான்.

இப்படிப் பயில்பவரின் செயலுக்கு எதிர்வினை தரும் சூழல் என்பதே மையம். அதனால் ‘நிகர்ச்சூழல் பயிற்சி’ என்று முன்மொழிகிறேன். ‘நிகர்நிலை’ வேண்டாம், பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். ‘மெய்நிகர்’ என்பதைக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் கருவிகளுக்குக் கொடுத்துவிட்டோம். ‘போலி’ சேர்ந்த எதையும் மருத்துவத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ‘போலிப் பயிற்சி பெற்ற மருத்துவர்’ என்று யாராவது எழுதினால் என்ன பொருளாகும் என்று பாருங்கள்.

அனுப்புநர்: யாழ்ப்பாண உறுப்பினர்

வணக்கம். வைத்தியர் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ‘பாவனை’யைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கோ. இலங்கையில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். போதைப்பொருள் பாவனை, நுகர்வோர் பாவனை என்று நாளாந்தம் எழுதுகிறோம். ‘மயக்கமருந்துப் பாவனைப் பயிற்சி’ என்று தலைப்பு வைத்தால், மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு என்றுதான் இங்கே விளங்கிக்கொள்வினம்.

இன்னொன்று. கையேட்டில் சிரை என்று வருகிறது. எங்கள் பாடநூல்களில் அது நாளம், தமனி என்பது நாடி. உங்களுக்கோ நாடி என்றால் துடிப்பு. ‘நாடி இல்லை’ என்ற வரியை எங்கள் மாணவர் ஒருவர் வேறுவிதமாக வாசிக்கக்கூடும். ‘நாளச்சுருக்கி’ என்றும் ஐயா எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது நாளத்தை மட்டும் சுருக்கும் மருந்து. அவசரக் கையேட்டில் இது ஆபத்து. முதல் பக்கத்திலேயே இரு வழக்கையும் அருகருகே அச்சிடுங்கோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மேலை வைத்தியம் கற்பித்தபோது இதே சிக்கல்தான். சிலவற்றுக்குப் புதுச்சொல் ஆக்கினார், சிலவற்றை ‘கெமிஸ்தம்’ (கெமிஸ்ட்ரி, வேதியியல்) போல ஒலிபெயர்த்து வைத்தார். அனியூரிசம், டொப்ளர் போன்றவற்றை அப்படியே விடுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒத்திசைய வேண்டியது, குழு வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் சொற்கள்தான்.

அனுப்புநர்: இலக்கண ஆர்வலர்

‘நிகர்ச்சூழல்’ என்பதில் ஒற்று மிக வேண்டியதில்லை. நிகர் என்பதை வினையடியாகக் கொண்டால் நிகர்த்த, நிகர்க்கின்ற, நிகர்க்கும் சூழல் என்று மூன்று காலமும் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு போல ‘நிகர்சூழல்’ என்றே எழுதலாம். ‘உருவகப்படுத்தல்’ வேண்டாம் என்பதே என் கருத்தும். அணியிலக்கணத்தில் அதற்கு நிலைத்த இடம் உண்டு.

அனுப்புநர்: சிமுலேஷன் ஆய்வக நுட்பர்

நிகர்சூழல் நன்றாக இருக்கிறது. அறையை ‘நிகர்சூழல் அறை’ என்றும், அதை இயக்கும் கருவியை ‘நிகர்ப்பி’ என்றும் சொல்லலாம். கணினி, உணரி வரிசையில் அது உட்காரும்.

மேனிகினுக்கு ‘உடலம்’ என்று ஒரு பரிந்துரை முன்பு வந்தது. செய்திகளில் அது சடலத்தைக் குறிப்பதால் தவிர்க்கலாம். அறையில் எல்லோரும் ‘பொம்மை’ என்கிறோம், அதுவே போதும். பொம்மைக்கும் நிகர்ப்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேடு தெளிவாக்க வேண்டும். பல பொம்மைகள் கார்பன் டை ஆக்சைடை உண்மையில் வெளிவிடுவதில்லை, அலை திரையில் வரைந்து காட்டப்படுவதே. பயில்பவர் குழாயைக் கழற்றிப் பார்த்தாலும் அலை ஓடிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதைக் கவனித்து உடனே கையால் அலையை நிறுத்தாவிட்டால், மேலே சொன்ன பிரித்தறிதலையே நாம் தப்பாகக் கற்பித்தவர்களாவோம்.

பொதுவான பொம்மையின் தலை ஊசிச் சட்டத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. தனி மண்டையோட்டு மாதிரியைச் சட்டத்தில் பூட்டி, பொம்மையின் கழுத்தோடு பச்சைத் துணியால் மூடிவிடுவது நடைமுறை. அனியூரிசக் காட்சிக்கு அதற்குள் ஒரு மெல்லிய குழாய், மறுமுனையில் சிவப்புச் சாயம் கலந்த நீர். உறிஞ்சு குடுவை நிரம்புவது மயக்கவியலாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், இரத்த இழப்பை அவர் கணக்கிடுவது அதைப் பார்த்துத்தான். டாப்ளர் ஒலிக்கு, பொம்மையின் மார்படியில் சிறிய ஒலிபெருக்கி. அறையின் கூரையிலிருந்து ஒலி வந்தால் யாரும் நம்புவதில்லை.

அழுத்தமானியின் சுழி (அளவு பூச்சியமாகக் கொள்ளும் மட்டம்) எங்கே என்பதையும் காட்சிக் குறிப்பில் எழுதுங்கள். உட்கார்ந்த நிலையில் காது மட்டத்தில் வைத்தால் திரையில் காண்பது மூளைக்குப் போகும் அழுத்தம். இதய மட்டத்தில் வைத்து, தலை 27 சென்டிமீட்டர் மேலே இருந்தால், மூளையில் அதைவிட ஏறத்தாழ 20 குறைவு. திரையில் 80 என்றால் அங்கே 60தான்.

பயிற்சிக் குழுவுக்குள் நம் ஆளாக இருந்து, அறுவை மருத்துவர் வேடமேற்பவருக்கு ‘உள்ளாள்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

அனுப்புநர்: நரம்பு மயக்கவியல் பயிற்றுநர்

உள்ளாள், பொம்மை, ஒற்றில்லாத நிகர்சூழல், மூன்றும் சரி. ‘நாளச்சுருக்கி’யை ‘அழுத்தமேற்றி’ என்று மாற்றிவிடலாம், இரு கரையிலும் ஒரே பொருள் தரும். இனி டீப்ரீஃபிங். பயனில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. காட்சி பத்துப் பதினைந்து நிமிடம் என்றால், அதன்பின் அமர்ந்து பேசுவது அதைப்போல் இரு மடங்காவது நீள வேண்டும். ‘மீள்பார்வை’ என்றால் தேர்வுக்கு முந்தைய நாள் படிப்பதுபோல் இருக்கிறது. ‘பின்னலசல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அதைப் ‘பின்னல்’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். வெறும் ‘அலசல்’ போதும். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. “அழுத்தம் 65 ஆனதும் நாளச்சுருக்கி கொடுத்தீர்கள், மருத்துவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அந்த நேரம் என்ன நடப்பதாக நினைத்தீர்கள்?” என்று, கண்டதைச் சொல்லி, நினைத்ததைக் கேட்பதே அலசலின் முறை. மேற்கோளில் பழைய சொல்லை வைத்ததற்குக் காரணம், அறையில் நாவில் வருவது அதுதான்; கையேட்டில் அழுத்தமேற்றி என்றே போடுங்கள்.

அலசலில் அடிக்கடி வரும் ஒரு சொல்லும் பட்டியலில் சேர வேண்டும்: ‘ஃபிக்சேஷன் எரர்’. ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போவது. ‘பிடிவாதப் பிழை’ ஆளைக் குறை சொல்கிறது. பார்வை நிலைகுத்தி நின்றது என்று நாம் சொல்வதுண்டு, ‘நிலைகுத்துப் பிழை’ எனலாம்.

அனியூரிசம் வெடிக்கும் காட்சியில் இது தெளிவாக வெளிப்படும். இரத்தம் பொங்கி அறுவை மருத்துவருக்கு அனியூரிசத்தின் கழுத்துப் பகுதி தெரியாதபோது, அழுத்தம் கொஞ்ச நேரம் தாழ்ந்திருப்பது அவருக்கு உதவி. கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லிகிராம் அடினோசின், 70 கிலோவுக்கு 21 முதல் 28 மில்லிகிராம், வேகமாகச் செலுத்தினால் இதயம் சில நொடி நின்று, முக்கால் நிமிடம் போல அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும். கவ்வியைப் பொருத்த அந்த இடைவெளி. ஆஸ்துமாவோ கடுமையான இதயத்தமனி நோயோ இருந்தால் அது கூடாது. இதயமுடுக்கிப் பட்டைகள் முன்பே மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் தாய்த்தமனியில் (அனியூரிசம் புடைத்திருக்கும் தமனி) தற்காலிகக் கவ்வி விழுந்த அந்த நொடியில் தேவை தலைகீழாகிறது. இப்போது மூளைக்குப் பக்கவழியாகத்தான் இரத்தம் போக வேண்டும், ஆகவே அழுத்தத்தை வழக்கமான அளவுக்கோ சற்று மேலேயோ ஏற்ற வேண்டும். முன்பு நல்லதாக இருந்த 55 என்ற அழுத்தம் இப்போது கேடு. அழுத்தத்தைத் தாழ்த்துவதிலேயே நிலைகுத்தியவர் கவ்வி விழுந்ததைக் கேட்கவே மாட்டார்.

அதனால்தான் ‘க்ளோஸ்டு லூப்’ தொடர்புக்கு, அதாவது கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு, ‘சொல்–மறுசொல்’ வேண்டும் என்கிறேன். “தற்காலிகக் கவ்வி போட்டாச்சு.” “கவ்வி போட்டாச்சு, நேரம் 11:42, அழுத்தம் ஏற்றுகிறேன்.” மறுசொல் வராவிட்டால் சொன்னது போய்ச் சேரவில்லை என்று கொள்ள வேண்டும். விமானிகளின் குழுப் பயிற்சியிலிருந்து இதை மயக்கவியலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபாவும் அவரது குழுவினரும். அவர்கள் வைத்த பெயரை ‘நெருக்கடி வள மேலாண்மை’ என்று அப்படியே ஆக்கினால் அலுவலகச் சுற்றறிக்கை போலாகிவிடும். ‘நெருக்கடிக் குழுச்செயல்’ என்று வைக்கலாமா?

அனுப்புநர்: கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நிகர்சூழல் பயிற்சி, நிகர்ப்பி, பொம்மை, உள்ளாள், அலசல், நிலைகுத்துப் பிழை, சொல்–மறுசொல், அழுத்தமேற்றி ஆகியவற்றை வரைவில் ஏற்றுகிறேன். சிரை/நாளம், தமனி/நாடி இணைகள் முதல் பக்கத்தில் இடம்பெறும். ‘நாடி இல்லை’ என்ற வரி எல்லா இடத்திலும் ‘கழுத்தில் துடிப்பு இல்லை’ என்றாகும்.

‘நெருக்கடிக் குழுச்செயல்’ இன்னும் முடிவாகவில்லை. அதில் கருவி, மருந்து, இரத்த வங்கி, உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எல்லாம் சேரும். ‘குழு’ அவற்றை விட்டுவிடுகிறது. குப்புற நிலைக் காட்சியை எழுதும்போது இந்தக் குறை தெரிந்தது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குபவர், புண்ணை மூடும் அறுவை மருத்துவர், ஊசிச் சட்டத்தைத் தளர்த்துபவர் ஆகியோர் ஒரு பக்கம். வெளியே தயாராக நிறுத்திய தள்ளுபடுக்கை இன்னொரு பக்கம். அந்தப் படுக்கை இல்லையென்றால் நோயாளியைத் திருப்பவே முடியாது. ஆளையும் பொருளையும் ஒன்றாகச் சுட்டும் சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.