மெனோபாஸ் தொல்லைக்கு பயோஐடென்டிக்கல் ஹார்மோன் எடுப்பது நிஜமாகவே பாதுகாப்பானதா?

பனித்துளி:

வணக்கம் தோழிகளே. எனக்கு 49 வயது. ஒரு வருடமாகவே மாதவிடாய் அதன் இஷ்டத்துக்கு வருகிறது, இரண்டு மூன்று மாதம் எட்டிப் பார்க்காது, அப்புறம் வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அதையாவது சமாளித்துவிடலாம். நடு ராத்திரியில் நெஞ்சிலிருந்து கழுத்து, காது மடல் வரை அனல் ஏறி, நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்து, கொஞ்ச நேரத்தில் அதே ஈரத்தில் குளிர் எடுத்து நடுங்குவதுதான் தாங்க முடியவில்லை. தூக்கம் போய்விட்டது, அதனால் பகலில் யார் எது சொன்னாலும் சுள்ளென்று கோபம் வருகிறது.

டாக்டர் ஹார்மோன் சிகிச்சை பற்றி யோசிக்கச் சொன்னார். கேட்டதுமே என் அக்கா "வேண்டவே வேண்டாம், கேன்சர் வரும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, அதனால் அவள் பயத்தையும் தள்ளிவிட முடியவில்லை. இன்னொரு பக்கம் கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, பயோஐடென்டிக்கல் எடுத்துக்கொள், அது இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது, எச்சிலைப் பரிசோதித்து உனக்கென்றே தனியாகக் கலந்து கொடுப்பார்கள் என்கிறாள். கர்ப்பப்பை எடுக்கவில்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இந்த பயோஐடென்டிக்கல் என்பது என்ன, சாதாரண ஹார்மோன் மாத்திரையைவிட நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் கயல்:

பனித்துளி, நான் மருந்தாளுநராக வேலை பார்ப்பவள், இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் அடிக்கடி பேசியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் சினைப்பையில் சுரக்கும் முக்கியமான ஈஸ்ட்ரோஜன் எஸ்ட்ரடையால். கருமுட்டை வெளிவந்த பிறகு சுரப்பது புரோஜெஸ்டிரோன். மருந்தில் இருக்கும் மூலக்கூறு அணு பிசகாமல் இவை போலவே இருந்தால் அது பயோஐடென்டிக்கல், அவ்வளவுதான். சோயாவிலிருந்தும் காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளிலிருந்தும் எடுத்த பொருளை ஆய்வகத்தில் பல படிகளில் மாற்றித்தான் இதைச் செய்கிறார்கள், செடியைப் பிழிந்தால் எஸ்ட்ரடையால் வராது. "வள்ளிக்கிழங்கு கிரீம்" என்று விற்பதைத் தடவினாலும் உடம்பு அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளாது, அந்த வேதிமாற்றம் நம் உடம்பில் நடப்பதே இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பயோஐடென்டிக்கல் ஹார்மோன் வேண்டுமென்றால் தனியாகக் கலக்கும் இடத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து சாதாரண மருந்துக்கடையில் வாங்கும் எஸ்ட்ரடையால் பேட்ச் (தோலில் ஒட்டுவது), ஜெல், மாத்திரை எல்லாமே அந்த மூலக்கூறுதான். நுண்ணியதாக அரைத்து எண்ணெயில் கலந்த புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் அப்படியே, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை 1998லேயே அனுமதித்துவிட்டது. 2018ல் இரண்டையும் ஒரே கேப்சூலில் சேர்த்த மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. இவை சோதனைக்கு உட்பட்டவை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து என்று உறுதியாகத் தெரியும், எச்சரிக்கைகள் அச்சடித்த தாளும் கூடவே வரும்.

உங்கள் தோழி சொல்வது வேறு. மருந்தகத்திலேயே ஒவ்வொருவருக்கும் கலந்து கொடுக்கும் கிரீம், நாக்கடியில் வைக்கும் மாத்திரை, இடுப்புத் தோலுக்கடியில் புதைக்கும் பெல்லட். அதிலும் மூலக்கூறு அதேதான், ஆனால் இந்தக் கலவையை யாரும் முன்கூட்டிச் சோதித்து அனுமதிப்பதில்லை, ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் அளவு மாறலாம். பக்கவிளைவே இல்லை என்ற பேச்சு பெரும்பாலும் எச்சரிக்கைத் தாள் இல்லாததால் வந்த நம்பிக்கை. 2020ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. கடையில் கிடைக்கும் மருந்தின் சேர்மானம் ஒவ்வாமை என்பது மாதிரியான காரணம் இருந்தால் தவிர, கலந்து தருவதை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க ஆதாரம் போதாது என்பதுதான் அதன் சாரம்.

எச்சில் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கட்டத்தில் ஹார்மோன் நாளுக்கு நாள், ஏன் காலைக்கும் மாலைக்குமே கூட ஏறி இறங்கும், அதில் ஒரு துளியை அளந்து அதற்கேற்ப மருந்து கலப்பதில் அர்த்தமில்லை. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமான அறிகுறிகள் இருந்தால் ரத்தப் பரிசோதனைகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. அறிகுறி எப்படிக் குறைகிறது என்று பார்த்துத்தான் டோஸை மாற்றுவார்கள்.

வைகறை:

கயல் சொன்னதெல்லாம் சரி. நான் பேட்சும் இரவில் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் எடுக்கிறேன், நடைமுறையில் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

என் பேட்ச் வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுவது. அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்ட வேண்டும், மார்பில் ஒட்டவே கூடாது, பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் வேண்டாம், உரசி ஓரம் கிளம்பிவிடும். குளித்ததும் தோலை நன்றாகத் துடைத்து, பவுடரோ எண்ணெயோ இல்லாத இடத்தில் வைத்து, உள்ளங்கைச் சூட்டில் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அசையாது. உரித்த இடத்தில் பசை கறுப்பு வளையமாக நிற்கும், கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றாவிட்டால் அரிப்பு வரும்.

கேப்சூல் சாப்பிட்டால் தூக்கம் கண்ணைச் சுற்றும், அதனால்தான் படுக்கும்போது எடுக்கச் சொல்கிறார்கள். தூங்காமல் தவித்த எனக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது. சில கம்பெனிகளின் கேப்சூலில் நிலக்கடலை எண்ணெய் இருக்கிறது, கடலை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் மார்பு கனத்து வலித்தது, இடையிடையே லேசாக ரத்தக்கசிவு இருந்தது, இரண்டும் போகப் போகக் குறைந்துவிட்டன. அனல் ஏறுவது சில வாரங்களில் அடங்க ஆரம்பித்தது. இரவில் விழிப்பு வந்தாலும் உடை நனையாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தாமரைக்குளம்:

எல்லோரும் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள். 2002ல் ஹார்மோன் சிகிச்சை பற்றிய அந்தப் பெரிய அமெரிக்க ஆய்வையே பாதியில் நிறுத்தினார்களே, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றுதானே நிறுத்தினார்கள்? என் அம்மா அந்தச் செய்தி வந்த வாரமே மாத்திரையை விட்டுவிட்டார். பனித்துளியின் அக்கா பயப்படுவதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மருந்தாளுநர் கயல்:

பயம் நியாயமானதுதான் தாமரைக்குளம், அந்த ஆய்வில் என்ன கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் 16,608 பெண்கள் இருந்தார்கள், சராசரி வயது 63, பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும். மருந்து எடுக்காத 10,000 பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. பக்கவாதமும் ரத்தக்கட்டியும் கூடின, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவு 2004ல் முடிந்தது, அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அதற்காக பயோஐடென்டிக்கலுக்கு ஆபத்தே இல்லை என்று தாண்டவும் கூடாது. பிரான்ஸில் சுமார் 80,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், செயற்கை வகைகளைவிட இயல்பான புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்தது. ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு, சீட்டுப் போட்டுப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை, நீண்ட வருடங்கள் எடுத்தவர்களுக்கு அந்த ஆறுதலும் குறைகிறது. ரத்தக்கட்டி விஷயத்தில் மூலக்கூறைவிட அது போகும் வழி முக்கியம். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் பொருட்களைக் கூட்டுகிறது, தோல் வழியாகப் போனால் அது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. எஸ்ட்ரடையாலே ஆனாலும் மாத்திரையாக விழுங்கினால் இந்த ஆபத்து உண்டு.

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற, வேறு தடை இல்லாத பெண்ணுக்குப் பலன் ஆபத்தைவிட அதிகம் என்பதுதான் இப்போது மெனோபாஸ் மருத்துவர்கள் எடுத்திருக்கும் நிலை. 63 வயதில் புதிதாகத் தொடங்கியவரின் கணக்கை 49 வயதுக்காரரின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது.

நெய்தல்:

பனித்துளி, நீங்கள் கர்ப்பப்பை இருக்கிறது என்று எழுதியதால்தான் இதை எழுதுகிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எனக்கு ஒரு கிளினிக்கில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் கிரீமாகக் கலந்து கொடுத்தார்கள். அனல் நின்றது, முகம்கூடத் தெளிந்தது, சந்தோஷமாகவே இருந்தேன். மாதவிடாய் முழுதாக நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு திடீரென்று ரத்தம் பட்டது. கிளினிக்கில் கேட்டால் உடம்பு பழகுகிறது, டோஸைக் கொஞ்சம் ஏற்றலாம் என்றார்கள். மனசு கேட்காமல் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன், ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்தது, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அந்தத் திசையில் போகக்கூடிய மாற்றம் என்று சொன்னார் அந்த டாக்டர்.

ஈஸ்ட்ரோஜன் அந்த உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும், புரோஜெஸ்டிரோன்தான் அதைக் கட்டுக்குள் வைக்கும். தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் கிரீமிலிருந்து அதற்குப் போதுமான அளவு உள்ளே போவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடுகிறது என்பது 1975லேயே வெளிவந்த விஷயமாம். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கிளினிக்கில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு பட்டாலும் போய்க் காட்டுங்கள்.

வேனில்:

நெய்தல் அக்கா, படிக்கவே பதறுகிறது, நீங்கள் வேறு டாக்டரிடம் போனது நல்லதாயிற்று.

என் நிலைமை வேறு. மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்தவள், அதனால் இயற்கையோ செயற்கையோ ஹார்மோன் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சித்திக்கு வந்தது உங்களுக்கு வந்த மாதிரி ஆகாது பனித்துளி, ஆனால் எந்த வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்ததா என்று கேட்டுவைத்துக்கொண்டு போங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார்.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த டோஸில் அனலைக் குறைக்கும், நான் வென்லாஃபாக்சின் எடுக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரை எடுப்பவர்கள், இதே மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான பாராக்ஸெடினைத் தவிர்க்க வேண்டும், அது டமாக்ஸிஃபென்னின் வேலையைக் கெடுக்கும். 2023ல் ஃபெசோலினெட்டன்ட் என்று ஹார்மோன் அல்லாத ஒரு புது மருந்து அனுமதி பெற்றிருக்கிறது, மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் இடத்திலேயே வேலை செய்கிறது, ஆனால் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே எடுக்க வேண்டும்.

பனித்துளி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நெய்தல், உங்கள் பதிலை அக்காவிடமும் அந்தத் தோழியிடமும் வாசித்துக் காட்டினேன். பெல்லட், கிரீம் யோசனையை விட்டாச்சு. டாக்டரிடம் பேட்சும் கேப்சூலும் பற்றித்தான் கேட்கப் போகிறேன். இரண்டே சந்தேகம்: எனக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லையே, இப்போதே தொடங்கலாமா? பெல்லட்டில் வேறென்ன பிரச்சினை? தோழி அதற்கு நாள் குறித்துவிட்டாள், அவளிடம் சொல்ல வேண்டும்.

மருந்தாளுநர் கயல்:

தொடங்கலாம். மாதவிடாய் இன்னும் வந்துபோகிற கட்டத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தினமும் கொடுத்து, புரோஜெஸ்டிரோனை மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் கொடுப்பார்கள், வழக்கமாக இரவில் 200 மில்லிகிராம். அந்த நாட்கள் முடிந்ததும் மாதவிடாய் போல ரத்தப்போக்கு வரும், பயப்பட வேண்டாம். முழுதாக நின்றவர்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம் என்று மாற்றுவார்கள். இந்த டோஸ் கருத்தரிப்பதைத் தடுக்காது, அதையும் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். உங்களுக்கு எப்போதாவது காலில் ரத்தக்கட்டி வந்ததா, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் உண்டா என்று கேட்பார், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து நாளாயிற்று என்றால் அதையும் முடித்துக்கொண்டு போங்கள்.

பெல்லட்டை வைத்த பிறகு டோஸ் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால் சுலபமாக வெளியே எடுக்க முடியாது, சில மாதங்கள் அது கரையும் வரை உடம்பு தாங்கித்தான் ஆக வேண்டும். பலவற்றில் டெஸ்டோஸ்டிரோனும் சேர்த்திருப்பார்கள், அது எக்கச்சக்கமாக ஏறினால் முகத்தில் முடி வளரும், தலைமுடி கொட்டும், குரல் தடிக்கும், தடித்த குரல் சிலருக்குப் பழையபடி திரும்புவதே இல்லை. தோழியிடம், பெல்லட்டில் என்னென்ன ஹார்மோன் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பாக என்ன தருகிறார்கள் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த நாளை ரத்து செய்துவிட்டு உங்களோடு உங்கள் டாக்டரிடமே வரட்டும்.