மல்லிகை கவாத்து: கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலி, எந்தக் கத்தரி சரிப்படும்?

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் மணல் தோட்டம், குண்டுமல்லி. கார்த்திகையில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) தொடங்கியதிலிருந்து வலது கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு ஓரம் வரை வலி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீர் என்கிறது. வாளி தூக்கினாலும் அப்படியே. விரல் மரத்துப்போகவில்லை.

எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டார். தசைநாண் உறை வீக்கம், ஓய்வு வேண்டும் என்றார். கட்டைவிரலை அசையவிடாத பட்டை கொடுத்தார். இரவில் அது நன்றாக உதவுகிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைத்தால் கொஞ்ச நேரம் தணியும். தைலம் சூடு தருகிறது, அவ்வளவுதான்.

கத்தரி சாதாரண வில் வைத்த வகை, 8 அங்குலம். இங்கே உப்புக்காற்றில் வில் துருவேறி இறுகிவிடுகிறது. திருகாணி இடுக்கில் மணல் புகுந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. தினமும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன், அலகைச் சாணை பிடித்தேன், இடது கைக்கும் மாற்றிப் பார்த்தேன். பென்சில் பருமன் கிளை சுலபமாக வெட்டுப்படுகிறது. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வரும் முதிர்ந்த தண்டில்தான் வலி கிளம்புகிறது. பாதிச் செடிகள் இன்னும் வெட்டாமல் நிற்கின்றன, தள்ளிப்போட்டால் பூப்பும் தள்ளிப்போகும்.

முதிர்ந்த தண்டுக்கு, படிப்படியாகக் கடிக்கும் ராட்சட் கத்தரி, இரண்டு கையால் பிடிக்கும் நீளக் கைப்பிடிக் கத்தரி, இந்த இரண்டில் கட்டைவிரலுக்கு வேலை குறைவாகவும் உப்புக்காற்றுக்குத் தாங்குவதாகவும் இருப்பது எது?