போர்வைக்குச் சதுரம் வெட்ட எந்த ஸ்கேல் வாங்கலாம்? வரிசைகள் ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்கின்றன

துணிப்பை (கரூர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருடமாக வீட்டிலேயே ப்ளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன், அதில் கை நன்றாகப் பழகிவிட்டது. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்காக முதல் முறையாக ஒரு ஒட்டுத்துணிப் போர்வையில் இறங்கியிருக்கிறேன். துணிக்குப் பஞ்சமில்லை, எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட்டுக்குப் போக மிஞ்சும் காட்டன் துண்டு கிலோ கணக்கில் கிடைக்கும். அதோடு அம்மாவுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

5 இன்ச் சதுரம், வரிசைக்கு 9, மொத்தம் 11 வரிசை. இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போனால் ஒரு வரிசை 41 இன்ச் வர வேண்டும், கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் தைத்து முடித்து டேப் வைத்துப் பார்த்தால் முதல் ஐந்து வரிசை 39தான் இருக்கிறது, மீதி ஆறும் 38½. அடுத்தடுத்த வரிசைகளைச் சேர்த்துப் பின் குத்தினால் முதல் இரண்டு சதுரம் பொருந்துகிறது, நாலாவதிலேயே விலக ஆரம்பித்து, கடைசிக்குப் போவதற்குள் அரை இன்ச் வெளியே நிற்கிறது. முதல் ஐந்து வரிசைக்கும் டேப்பும் சாக்கும் வைத்துக் குறித்தேன், அப்புறம் சலித்துப்போய்ப் பையனுடைய பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து மீதியை வெட்டினேன். வெட்டியது எல்லாமே கத்தரியால்தான்.

ஆன்லைனில் தேடினால் 6க்கு 24 அக்ரிலிக், சதுர ஸ்கேல், முக்கோணம், வளைவு ஸ்கேல் பத்து சேர்ந்த செட் என்று ஏகப்பட்டது வருகிறது. எல்லாம் வாங்கக் காசில்லை. முதலில் எது வாங்க வேண்டும்? தப்பு டேப்பிலா, என் கையிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குழந்தைக்கு மூன்று மாதம் முடிவதற்குள் கொடுத்துவிட ஆசை.


பழைய கத்தரி (திண்டுக்கல்) எழுதியது:

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் கடை வைத்துத் தைத்தவன் சொல்கிறேன், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் டேப்பைச் சோதித்துப் பாருங்கள். துணி டேப்பும் சாதா பிளாஸ்டிக் டேப்பும் நாளாக நாளாக நீளும். கழுத்தில் போட்டு, வியர்வை பட்டு, இழுத்து இழுத்து அளந்தால் நீளாமல் என்ன செய்யும். 60 இன்ச் டேப் முக்கால் இன்ச் வரை நீண்டு கிடந்ததை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாது, எண்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

சோதிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தெரிந்த ஜவுளிக்கடைக்குப் போனால் மேசையில் மீட்டர் கம்பி இருக்கும், அதில் எடையளவுத் துறை முத்திரை அடித்திருப்பார்கள். அதன் மேல் உங்கள் டேப்பை இழுக்காமல் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 39 இன்ச்சும் 3 நூலும் காட்ட வேண்டும். (எட்டு நூல் ஒரு இன்ச். ஆசாரிமார் கணக்குதான், எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவரும் நூல் கணக்கில்தான் பேசுவார்.) அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டினால் டேப் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் முனையில் இருக்கும் தகரத்தையும் ஆட்டிப் பாருங்கள், அது தளர்ந்திருந்தால் முதல் இன்ச்சே பொய் சொல்லும்.

புது டேப் வாங்குவதானால் ஃபைபர் கிளாஸ் டேப் என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே கண்ணாடி இழை ஓடுவதால் நீளாது. ஆனால் எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும் மேசையில் விரித்த துணியில் சதுரம் குறிக்க அதை எடுக்காதீர்கள். டேப் உடம்புக்கு. மார்புச் சுற்றளவு, இடுப்பு, கை குழி எல்லாம் வளைந்து போகிற இடங்கள், அங்கே டேப் இல்லாமல் முடியாது. கை குழியைத் துணியில் அளக்கும்போது டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, வெட்டின வளைவோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் சரியான அளவு வரும். நேர்க் கோட்டுக்கு விறைப்பான ஸ்கேல்தான். 24 இன்ச் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எழுதுபொருள் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும், கோடு அச்சடித்ததாக இல்லாமல் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள், தேயாது.

பள்ளிக்கூட ஸ்கேலிலும் ஒரு சிக்கல் உண்டு. பலதில் பூஜ்யம் ஓரத்தில் தொடங்காது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். ஓரத்தையே பூஜ்யம் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு சதுரத்திலும் அந்த அளவு குறைந்திருக்கும். நீங்கள் எப்படி வைத்தீர்கள்?

சாக்கையும் சொல்ல வேண்டும். மழுங்கின சாக்குக் கோடு ஒரு நூல் அகலம் வரும். கோட்டுக்கு உள்ளே வெட்டுகிறீர்களா வெளியே வெட்டுகிறீர்களா என்பதிலேயே அளவு மாறிவிடும். பிளேடால் சீவி, கத்தி முனை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.


வெள்ளைநூல் (ரொறன்ரோ) எழுதியது:

பிள்ளை, அண்ணை சொன்னதெல்லாம் சரி, ஆனால் உங்கள் கணக்கைப் பார்த்தால் பெரிய தவறு வெட்டினதில் இல்லை, தைத்ததில் இருக்கிறது. எல்லா வரிசையும் 41க்கு இரண்டு அங்குலமாவது குறைவாய் வந்திருக்கிறது. வரிசைக்கு 8 தையல், அப்படியென்றால் ஒரு தையலுக்குக் கால் அங்குலம் கூடுதலாய்ப் போகிறது. அதாவது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலத்துக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட மூன்று நூல் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். உங்களுடையது ஜிக்ஜாக் போடும் மெசினா? அதில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம் அகலமானது, பாதத்தின் ஓரத்தைத் துணி ஓரத்தோடு வைத்து ஓட்டினால் கால் அங்குலம் வராது. ப்ளவுஸில் இது தெரியாது, பிடித்துவிட்டு உடம்புக்குப் போட்டுப் பார்த்துச் சரிசெய்து விடுவோம். போர்வையில் தப்பு ஒவ்வொரு தையலிலும் கூடிக்கொண்டே போகும்.

இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது, நான் ஒவ்வொரு போர்வை தொடங்கும் முன்னும் செய்வேன். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கம் பக்கமாய்ச் சேர்த்துத் தைத்து, அயன் பண்ணி அளக்க வேண்டும். மொத்தம் மூன்றரை அங்குலம், நடுப் பட்டி சரியாய் ஒரு அங்குலம் இருக்க வேண்டும். நடுப் பட்டி ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் தையல் அகலமாய்ப் போகிறது. நூலின் தடிப்பும் துணி மடங்குகிற மடிப்பும் கொஞ்சம் இடம் பிடிக்கும், அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாய்த் தைத்தால்தான் நடுப் பட்டி சரியாய் வரும். அளவு பிடிபட்டதும் ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெசின் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காய் ஒட்டிவிடுங்கள், துணி அதில் இடித்துக்கொண்டே நேராய்ப் போகும்.

இப்போது அடிமட்டம், நீங்கள் ஸ்கேல் என்று சொல்வது. 1979இல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் சக்கரம் மாதிரி உருட்டி வெட்டுகிற வட்டக் கத்தியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டையில் மாதிரி வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். சுற்றுகிற அலகுக்கு அணைவாய் நிற்கத்தான் இந்தத் தடித்த அக்ரிலிக் அடிமட்டம், கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் தடிப்பு. சாதாரண பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்து வட்டக் கத்தி ஓட்டினால் அலகு அதற்குள்ளேயே ஏறிவிடும், கை விரல் பக்கத்தில்தான் இருக்கும், கவனம். உருக்கு அடிமட்டத்தில் உரசினால் அலகு மழுங்கும். ஆகவே வட்டக் கத்தி வாங்குவதாய் இருந்தால் அக்ரிலிக்கும் துணிக்கு அடியில் விரிக்கிற வெட்டுப் பாயும் சேர்த்தே வாங்க வேண்டும், மூன்றில் ஒன்றை விட்டுப் பயனில்லை.

வாங்கினால் 6க்கு 24 ஒன்று போதும். 44 அங்குலத் துணியை ஒருமுறை மடித்தால் 22, அந்த அகலத்தை ஒரே இழுப்பில் கடக்க 24 வேண்டும், 12 அங்குலத்தை இரண்டு தரம் நகர்த்தினால் நடுவில் கட்டாயம் ஒரு வளைவு விழும். சேலையை இரண்டு தரம் மடியுங்கள். கோடுகள் மெல்லியதாய், அரைக்கால் அங்குலம்வரை இருக்க வேண்டும், 45 பாகைக் கோடும் இருக்க வேண்டும். கருந்துணியிலும் வெளிர் துணியிலும் வைத்துக் கோடு தெரிகிறதா என்று பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. இரண்டாவதாய் 6½ அங்குலச் சதுரம். முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துச் சதுரமாக்கும்போது அதன் பயன் தெரியும். தைத்த பின் 4 அங்குலம் வர வேண்டுமென்றால் கணக்குப்படி 4 அங்குலமும் 7 நூலும் வெட்ட வேண்டும், நான் 5 ஆகவே வெட்டி, தைத்த பிறகு மூலைக் கோட்டைத் தையலின் மேல் வைத்து 4½ ஆகச் சீவி எடுப்பேன், ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி வரும். பத்து சேர்ந்த செட் வேண்டாம், அதில் எட்டு அலுமாரியிலேயே கிடக்கும்.

அடிமட்டம் துணியில் வழுக்கும். உப்புத்தாளைச் சின்னச் சின்ன வட்டமாய் வெட்டி அடியில் மூலைகளில் ஒட்டிவிடுங்கள். வெயில் படுகிற ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், வெட்டுப் பாயின் மேல் சூடான அயன் வைக்கவே வேண்டாம், இரண்டும் நெளிந்துவிடும்.


மூலைமட்டம் (மதுரை) எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வட்டக் கத்தி, பாய், அக்ரிலிக் மூன்றும் சேர்ந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய செலவு. எட்டுப் போர்வை தைத்திருக்கிறேன், எல்லாமே ஸ்டீல் ஸ்கேல், டெய்லர் எல் ஸ்கேல், நல்ல கத்தரி இவ்வளவுதான். முதல் போர்வைக்கு இதுவே தாராளம், கை பழகி ஆசை நிற்காமல் போனால் அப்புறம் மற்றதை வாங்கலாம்.

எல் ஸ்கேலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மூலை சரியில்லாத எல் ஸ்கேல் நிறைய விற்கிறார்கள், ஒன்று வாங்கி ஒரு போர்வையே சாய்ந்துபோனது, பிரித்துத் தைத்தேன். கடையிலேயே ஒரு தாளில் சோதித்துவிடலாம். ஒரு கரத்தில் 6 இன்ச், மறு கரத்தில் 8 இன்ச் குறித்து இரண்டுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 10 வர வேண்டும். வெட்டின சதுரத்துக்கு இன்னும் சுலபம், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம், இல்லையென்றால் சாய்ந்திருக்கிறது.

சுங்குடிக்கு ஒரு விஷயம். பழைய சேலை குழைந்து கிடக்கும், எந்த ஸ்கேல் வைத்தாலும் அடியில் நகரும். மெல்லிய கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுங்கள். துணி தாள் மாதிரி நிற்கும். ஸ்கேலையும் சேலையின் கரையோடு வைக்காதீர்கள், துவைத்துத் துவைத்துக் கரை சுருங்கி இழுத்திருக்கும். ஒரு இழையை உருவி எடுத்து அந்தத் தடத்தோடு வையுங்கள். சுங்குடியில் புள்ளி வரிசை இருப்பதால் கொஞ்சம் சாய்ந்தாலும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும்.


துணிப்பை (கரூர்) எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேற்று 24 இன்ச் ஸ்டீல் ஸ்கேல் வாங்கி வந்து முதல் வேலையாக டேப்பை அதன் மேல் வைத்தேன். டேப்பின் 24 ஸ்கேலின் ஓரத்தையும் தாண்டி இரண்டு நூலுக்கு மேல் வெளியே போய் நிற்கிறது. ஆறு வருடம் இதை வைத்துத்தான் எத்தனை பேருக்கு அளவெடுத்தேன் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அளந்ததும் வெட்டினதும் அதே டேப்பாக இருந்ததால்தான் ப்ளவுஸ் எல்லாம் பொருந்தியிருக்கின்றன. பள்ளிக்கூட ஸ்கேல் சரியாகத்தான் இருக்கிறது, அண்ணா கேட்டது போல் ஓரத்திலிருந்து வைக்கவில்லை, கோட்டிலிருந்துதான் வைத்தேன்.

மூன்று பட்டிப் பரீட்சையும் செய்தேன். நடுப் பட்டி முக்கால் இன்ச்தான். அக்கா சொன்னது அப்படியே, ஜிக்ஜாக் மெஷின்தான், பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து மூன்று நூல். ஸ்டீல் ஸ்கேலால் வரிசைகளைத் திரும்ப அளந்தால் டேப்பில் வெட்டியவை 39½, பள்ளி ஸ்கேலில் வெட்டியவை 39. இப்போது 88 தையலையும் பிரிக்க வேண்டுமா?


வெள்ளைநூல் (ரொறன்ரோ) எழுதியது:

ஐயோ வேண்டாம் பிள்ளை. எல்லாத் தையலும் ஒரே மாதிரி மூன்று நூல் என்றால் அது தவறே இல்லை, போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். இந்தப் போர்வை முடியும்வரை அதே பாதம், அதே ஓரம், மாஸ்கிங் டேப்பை அடுத்த போர்வைக்கு ஒட்டுங்கள். டேப்பில் வெட்டிய ஐந்து வரிசையை மட்டும் பிரித்து, சதுரங்களை அயன் பண்ணி, புது ஸ்கேலை வைத்துச் சரியாய் 5 ஆகச் சீவி, திரும்பத் தையுங்கள். சீவும்போது ஒரே பக்கத்தில் எடுக்காமல் அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் எடுங்கள், மூலை கெடாது. முடிவில் 39க்கு 47½ வரும், கைக்குழந்தைக்கு நிறையப் போதும்.


துணிப்பை (கரூர்) எழுதியது:

40 தையல்தான், பிரித்துவிடலாம். இரண்டு வரிசை முடித்துவிட்டேன், இரண்டும் 39. சுங்குடிச் சதுரங்களுக்குக் கஞ்சி போட்டுச் சீவினேன், புள்ளி வரிசை ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்கு நேராக ஓடுகிறது, அம்மா எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மீதி மூன்று வரிசையையும் நாளை இரவு உட்கார்ந்து முடிக்கிறேன். ஃபைபர் கிளாஸ் டேப் இங்கே இரண்டு கடையில் இல்லை என்றார்கள், திண்டுக்கல் அண்ணா, ஈரோட்டுப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.